முதல் சர்ஃப் பலகை: எத்தனை அடி, புதியதா பழையதா, எங்கே வைப்பது?

*70 கிலோ எடை, நீச்சல் நன்றாக வரும். நண்பர் தன் ஆறடிப் பலகையை மலிவாகத் தருகிறார். வாங்கலாமா? (பொங்கோல்)*

வேண்டாம். அலை உடைவதற்குள் பலகை ஏறக்குறைய அலையின் வேகத்துக்கு வந்தால்தான் அதில் ஏற முடியும். ஆறடிப் பலகைக்குப் பெரும்பாலும் 30 லிட்டர் சொச்சம்தான் கன அளவு; எவ்வளவு மிதக்கும் என்பதை இதுதான் சொல்லும். படுத்ததும் நெஞ்சுப் பகுதி அமிழும், எவ்வளவு கை போட்டாலும் நகராது, அலை உங்களைத் தாண்டிப் போய்விடும். 8 அடி நீளம், 22 முதல் 23 அங்குல அகலம், 3 அங்குலத்துக்குக் குறையாத தடிமன் கொண்ட ஃபோம் பலகையாகப் பாருங்கள். லிட்டர் கணக்கில் 75க்குக் கீழே இறங்காதீர்கள். 90 கிலோவைத் தாண்டியவர்களுக்கு 9 அடி. தலையில் இடித்தாலும் ஃபோம் கொஞ்சம் மன்னிக்கும், ஃபைபர் கிளாஸ் மன்னிக்காது. சின்னப் பலகையில் தொடங்கினால் சீக்கிரம் தேர்ச்சி வரும் என்று யாராவது சொன்னால், அவரிடம் விற்பதற்கு ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

*சிங்கப்பூரில் அலையே இல்லை. சொந்தப் பலகை தேவையா? (ஜூரோங்)*

ஆண்டுக்கு ஒரு பாலிப் பயணம்தான் என்றால் தேவையில்லை. கூட்டா கடற்கரையில் வாடகைக்கு வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். 8 அடி என்பது 244 செ.மீ.; விமான நிறுவனத்தின் நீள வரம்பையும் கட்டணத்தையும் பார்த்தால் வாடகையே மேல் என்று தோன்றும்.

காரில் அடிக்கடி ஜொகூரின் தேசாரு போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் மார்ச் வரை தென்சீனக் கடலிலிருந்து அங்கே அலை வரும். பகாங்கின் செராட்டிங்கிலும் அதே பருவம்தான். சிவப்புக் கொடி பறந்தால் இறங்காதீர்கள். மற்ற மாதங்களில் பலகை பெரும்பாலும் சுவரில்தான் சாய்ந்திருக்கும். அதனால் முதல் பருவம் முழுக்க வாடகைப் பலகையில் போங்கள். எந்த நீளம் சரிப்பட்டது என்று தெரிந்த பிறகு பணத்தை எடுங்கள். புதியவர்களுக்கு முதலில் ஓய்ந்துபோவது தோள்பட்டை. அதற்குப் பயிற்சி எடுக்க நம் நீச்சல் குளங்களே போதும்.

*பழைய பலகை வாங்கும்போது எதைச் சோதிப்பது? (தெம்பனிஸ்)*

முதலில் தூக்கிப் பாருங்கள். அதே அளவுள்ள புதிய பலகையைவிடக் கனமாக இருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது; காயவைப்பேன் என்று விற்பவர் சொன்னாலும் விட்டுவிடுங்கள். அடுத்து, நிற்கும் இடத்தைக் கட்டை விரலால் அழுத்துங்கள். மேல்தோல் கொப்பளமாக எழும்பி அமுங்கினால் பசை விட்டுப்போயிருக்கிறது. வெயிலில் பூட்டிய காருக்குள் விடுவதுதான் இதற்கு வழக்கமான காரணம். பலகையைக் கவிழ்த்து நடுவில் குறுக்காக மடிப்புக் கோடு உண்டா என்று பாருங்கள். இருந்தால் அந்த இடத்தில்தான் ஒருநாள் ஒடியும். கடைசியாக, பலகையின் அடியில் துடுப்புபோல் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபின்களைப் பிடித்து ஆட்டுங்கள். அடிப்பகுதி சேர்ந்து ஆடினாலோ சுற்றிலும் விரிசல் தெரிந்தாலோ தண்ணீர் நுழையும் வழி அதுதான். ஃபின் மட்டும் உடைந்திருந்தால் கவலை வேண்டாம், அதே வகை ஃபின்னை மாற்றிக்கொள்ளலாம். மஞ்சளாகப் போனது வயதைக் காட்டும், அவ்வளவுதான்.

*வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் எங்கே வைப்பது? (ஈசூன்)*

8 அடிப் பலகை அறைக்குள் நிமிர்ந்து நிற்கும், 9 அடிப் பலகை (274 செ.மீ.) பெரும்பாலான வீடுகளில் கூரையை இடிக்கும், படுக்கவைக்கத்தான் வேண்டும். வாங்கும் முன் மின்தூக்கிக்குள் மூலைக்கு மூலை அளந்துவிடுங்கள். பொது நடைபாதையில் போடாதீர்கள், தீயணைப்பு விதியும் அண்டை வீட்டாரும் ஒருசேர வருவார்கள்.

*லீஷ், வாக்ஸ் எல்லாம் கட்டாயமா? (உட்லண்ட்ஸ்)*

லீஷ், அதாவது பலகையைக் காலோடு பிணைக்கும் கயிறு, கட்டாயம். பலகையின் நீளமோ சற்றுக் கூடுதலோ இருக்கட்டும். 8 அடிப் பலகைக்கு 8 அடி. பின்னால் வரும் காலில் கட்டுங்கள். லீஷைப் பலகையோடு முடிச்சிடும் சிறு கயிறு விளிம்பைத் தாண்டித் தொங்கக்கூடாது, இழுபடும்போது ஃபோமை அறுத்துவிடும்.

வாக்ஸ் என்பது கால் வழுக்காமலிருக்கப் பலகையில் தேய்க்கும் மெழுகு; அதில் வெப்பமண்டல வகையைக் கேட்டு வாங்குங்கள். குளிர்நீர் வாக்ஸ் நம் கடலில் இளகி வழுக்கும். ஃபோம் பலகையின் ஃபின் திருகுகளை நாணயத்தால் இறுக்கினால் போதும். பலம் போட்டுத் திருகினால் திருகின் தலை ஃபோமுக்குள் புதைந்து, அந்தக் குழி வழியே நீர் இறங்கும்.