டெண்ட்ரிடிக் செல் தடுப்பூசி ட்ரயல்: ஊசி நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

கேள்வி: நர்சிங் முடித்துவிட்டு மாத்திரை ட்ரயல்களில் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். இப்போது மூளைப் புற்றுநோய்க்கான டெண்ட்ரிடிக் செல் தடுப்பூசி ட்ரயலை என் கையில் கொடுத்திருக்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: மாத்திரை ட்ரயலில் மருந்து முன்னதாகவே வந்து அலமாரியில் இருக்கும், நோயாளிக்குக் காய்ச்சல் என்றால் அடுத்த வாரம் வரச் சொல்லிவிடலாம். டெண்ட்ரிடிக் செல் என்பது எதிரி எது என்று மற்ற நோய் எதிர்ப்பு செல்களுக்கு அடையாளம் காட்டும் செல், அதனால் இங்கே மருந்துக்கான சரக்கையே அந்த நோயாளியின் உடம்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதனால் முதல் ஊசி நாளைக் குறித்துக்கொண்டு பின்னோக்கி வாருங்கள்: தரச் சோதனை, அதற்கு முன் சுமார் ஒரு வாரம் ஆய்வகத்தில் செல் வளர்ப்பு, அதற்கு முன் ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களைப் பிரிக்கும் ஏஃபெரசிஸ், எல்லாவற்றுக்கும் முன் அறுவை சிகிச்சை.

பல ட்ரயல்கள் கோட்டை விடுவது அந்த அறுவை சிகிச்சை நாளில்தான். தடுப்பூசிக்கு நோயாளியின் கட்டியையே அரைத்துப் பயன்படுத்துவதாக இருந்தால், அந்தத் துண்டு கிருமி படாமல், சதையைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் விழாமல் வர வேண்டும். தியேட்டர் ஊழியருக்கோ சதைத் துண்டைப் பார்த்ததும் கை தானாக ஃபார்மலின் டப்பாவுக்குப் போகும், வருடக்கணக்கான பழக்கம், குறை சொல்ல முடியாது. ஃபார்மலின் இல்லாத, கிருமி நீக்கிய டப்பாவை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாசலில் நில்லுங்கள். கட்டியைச் சேகரிக்கும் ஒப்புதலும் அதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும்.

அப்புறம் டெக்ஸாமெத்தசோன். மூளை வீக்கத்துக்காகக் கொடுக்கிற இந்த ஸ்டீராய்டு நோய் எதிர்ப்பு செல்களை அடக்கிவிடும், ஆகவே ஏஃபெரசிஸ் நாளில் எவ்வளவு வரை இருக்கலாம் என்று ட்ரயல் நெறிமுறையில் இருக்கிறதா பார்த்து, நரம்பியல் டாக்டரிடம் முன்கூட்டியே பேசுங்கள். குறைப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு. ஏஃபெரசிஸ் சில மணி நேரம் பிடிக்கும். உதடு மரத்துப்போகிறது என்று நோயாளி சொன்னால், ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைக் குறைக்கிறது என்று பொருள், உடனே சொல்லுங்கள். டெங்கு காலத்தில் ரத்த வங்கி மெஷின் பிளேட்லெட் எடுப்பதில் மூழ்கிக் கிடக்கும், முன்பதிவு இல்லாமல் போய் நிற்காதீர்கள்.

செல் பை கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் பெயர், பிறந்த தேதி, ட்ரயல் எண் மூன்றையும் இரண்டு பேர் சத்தமாகப் படித்துச் சரிபார்க்க வேண்டும். "நீங்கதானே முருகன்?" என்று கேட்காதீர்கள், களைத்துப் படுத்திருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். "உங்க பேர் சொல்லுங்க ஐயா" என்று கேளுங்கள். பேச்சு குழறினால் கைப்பட்டை, கூட வந்திருப்பவர்.

2010-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புரோவெஞ்ச் இந்த வகையின் முன்னோடி, புராஸ்டேட் புற்றுநோய்க்கானது. உறையவைக்காத மருந்து, 18 மணி நேரம்தான் ஆயுள். முழுக் கிருமிச் சோதனை முடிவு ஊசி போட்ட பிறகுதான் வரும், எனவே பிறகு மோசமான முடிவு வந்தால் மருத்துவருக்குத் தகவல் போகும் ஏற்பாடு உண்டு. உங்கள் தடுப்பூசி உறைநிலையில் வருவதாக இருந்தால் முடிவு வரும்வரை காத்திருக்கலாம், மூச்சு விடலாம். ஆனாலும் மோசமான முடிவைச் சொல்ல வரும் போனை யார் எடுப்பார் என்று எழுதி வையுங்கள்.

ஸ்கேன் தேதிகளிலும் அலட்சியம் கூடாது. கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோய்க்கான டிசிவேக்ஸ்-எல் என்ற டெண்ட்ரிடிக் செல் தடுப்பூசி ட்ரயலில் 331 பேர். நோய் திரும்பினால் ஒப்பீட்டுக்காகப் போலி ஊசி போட்டுக்கொண்ட குழுவினரும் தடுப்பூசிக்கு மாறலாம் என்று வைத்திருந்ததால் கடைசியில் ஒப்பிடச் சரியான ஆளில்லாமல் போய், 2022-இல் வெளியான கட்டுரையில் வெளியிலிருந்த நோயாளிகளோடு ஒப்பிட்டார்கள், விமர்சனமும் வாங்கினார்கள். உங்கள் ட்ரயலிலும் இப்படி மாற வழி இருந்தால், நோய் திரும்பிய தேதியில் ஒரு வாரப் பிழைகூடக் கணக்கைக் கெடுக்கும்.

சிடிஆர்ஐ (இந்திய மருத்துவ ட்ரயல் பதிவேடு) பதிவு முதல் நோயாளிக்கு முன், கடும் பக்கவிளைவுத் தகவல் 24 மணி நேரத்துக்குள்: இவை உங்களுக்குப் பழகியதுதான். புதிது ஒன்று உண்டு. சிலருக்குச் செல் வளராது, தடுப்பூசியே தயாராகாது. அதை அவரிடம் யார், எந்த நாளுக்குள் சொல்வது, அடுத்த சிகிச்சை என்ன என்பதை முதல் நோயாளி கையெழுத்துப் போடும் முன்பே தலைமை ஆய்வாளரிடம் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.