ஒரு நகரத்தில் இளைஞர் பாதுகாப்பையும் போலீஸ் மீதான நம்பிக்கையையும் எப்படி அளப்பது?

வழக்குகள் குறைந்தால் நகரம் பாதுகாப்பாகிவிட்டது என்று சொல்லலாமா எனக் கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பதினைந்து வயதுப் பையனிடம் செல்போனைப் பறித்துவிடுகிறார்கள். "ஸ்டேஷனுக்குப் போனால் என்னையே குடைவார்கள்" என்று அவன் பேசாமல் இருந்துவிட்டால், அந்தக் குற்றம் கணக்கிலேயே வராது. நம்பிக்கை கூடும்போது புகார்களும் கூடலாம். அது நல்ல அறிகுறிதான்.

அதனால் மக்களிடமே கேட்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1982 முதல் அப்படியொரு குற்றக் கணக்கெடுப்பு நடக்கிறது. 10 முதல் 15 வயதுப் பிள்ளைகளை 2009-இல்தான் சேர்த்தார்கள். இவ்வளவு தாமதித்திருக்க வேண்டாம் என்றே நினைக்கிறேன்.

சரி, என்ன கேட்பது? "போலீஸை நம்புகிறாயா?" என்று மொட்டையாகக் கேட்டால் ஒன்றும் பிடிபடாது. கடைசியாக உன்னை நிறுத்தியபோது காரணம் சொன்னார்களா, நீ சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார்களா, மரியாதையாகப் பேசினார்களா என்று கேளுங்கள். இருட்டிய பிறகு எந்தத் தெருவைத் தவிர்க்கிறாய் என்றும் கேளுங்கள். அப்புறம், கேட்கப் போகிறவர் சீருடையில் இருக்கவே கூடாது. கிடைத்த பதில்களைப் பகுதிவாரியாகப் பிரித்துப் பாருங்கள். நகரம் முழுமைக்கும் ஒரே சராசரி போட்டால், பயந்து வாழும் நாலு தெரு அதில் காணாமல் போய்விடும்.