கீமோவுக்குப் பிறகு வெள்ளையணு மட்டும் ஏன் முதலில் இறங்குகிறது?

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ ஏற்றிப் பத்து நாள் ஆகிறது. வெள்ளையணு 1,800-க்கு இறங்கிவிட்டது. ஹீமோகுளோபின் 11-இலேயே நிற்கிறது. எல்லா ரத்த அணுக்களும் ஒரே எலும்பு மஜ்ஜையில்தானே உருவாகின்றன? மாதுளை, பேரீச்சை கொடுத்தால் வெள்ளையணு ஏறுமா?

பதில்: ஒரே மஜ்ஜைதான், மூலமும் ஒரே வகைக் குருத்தணுதான். அது பிரியும்போது தன்னைப் போன்ற குருத்தணுவையும் உண்டாக்கும், ரத்த அணுவாக வளரப்போகும் பிள்ளை அணுவையும் உண்டாக்கும். எந்த அணுவாக வளர்வது என்பதில் உடலின் தேவைக்கும் பங்கு உண்டு. ஆக்சிஜன் குறைந்தால் சிறுநீரகம் எரித்ரோபாயட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். சிவப்பணு உற்பத்தி கூடும். வளரும் சிவப்பணு கடைசிக் கட்டத்தில் தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடும். ரத்தம் உறைய உதவும் தட்டணுவின் (பிளேட்லெட்) கதை வேறு: மஜ்ஜையில் மெகாகேரியோசைட் என்ற பெரிய அணு இருக்கிறது. அது நீட்டும் இழைகள் துண்டு துண்டாக உடைந்து ஆயிரக்கணக்கான தட்டணுக்கள் ஆகின்றன.

சரி, வெள்ளையணு மட்டும் ஏன் இறங்கியது? கீமோ மருந்து முக்கியமாகத் தாக்குவது மஜ்ஜையில் வேகமாகப் பிரிந்துகொண்டிருக்கும் இளம் அணுக்களை. புதுவரவு நின்றதும், ரத்தத்தில் ஏற்கெனவே உள்ளவற்றின் ஆயுள்தான் கணக்கு. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். தட்டணு 7 முதல் 10 நாள். வெள்ளையணுக்களில் கிருமியோடு மோதும் வகையான நியூட்ரோஃபில் ரத்தத்தில் இருப்பதோ ஏறக்குறைய ஒரு நாள். அதனால்தான் முதலில் காலியாவது அது. குருத்தணுக்களில் பெரும்பாலானவை அந்த நேரத்தில் பிரியாமல் உறங்குவதால் தப்பிவிடுகின்றன. அவை மறுபடி உற்பத்தியைத் தொடங்கியதும் பொதுவாக மூன்றாவது வாரத்தில் எண்ணிக்கை மீளும். பல கீமோக்களில் அடுத்த சுற்றை 21 நாள் கழித்து வைப்பதும் இதற்காகவே.

அம்மாவுக்குப் பிடித்தால் பழம் கொடுங்கள், நன்றாகக் கழுவி. ஆனால் இரும்புச்சத்து ஹீமோகுளோபினுக்கு உதவுமே தவிர வெள்ளையணுவை ஏற்றாது. தேவைப்பட்டால் வெள்ளையணு உற்பத்தியைத் தூண்டும் ஜி-சிஎஸ்எஃப் ஊசியை மருத்துவர் போடுவார். அதற்குப் பிறகு இடுப்பும் முதுகும் வலித்தால் பயப்படாதீர்கள். அங்கேதான் மஜ்ஜை மும்முரமாக வேலை செய்கிறது.

ரிப்போர்ட்டில் மொத்த எண்ணிக்கையோடு நிறுத்தாமல் நியூட்ரோஃபில் எவ்வளவு என்றும் பாருங்கள். 500-க்குக் கீழே போனால் தொற்று அபாயம் மிக அதிகம். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம் இருக்கட்டும். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், பாராசிட்டமால் கொடுத்துக் காலைவரை காத்திருக்காதீர்கள். நடுராத்திரி என்றாலும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். போனதும் கீமோ போட்ட தேதியைச் சொல்லுங்கள்.