கொரோனா கால பிசினஸ் கடன் தள்ளுபடி ஆகுமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். மூன்று மெஷின். எம்.சி. ரோடு கடைகளுக்கு ஜாப் ஒர்க், மற்றபடி அக்கம்பக்கத்தாரின் ஜாக்கெட், சுடிதார். 2019 கடைசியில் வங்கியில் தொழில் கடன் வாங்கினேன். கொரோனா வந்தபோது ஆறு மாதம் தவணை கட்ட வேண்டாம் என்றார்கள், கட்டவில்லை. அப்புறம் வங்கியே கூப்பிட்டு, அரசு ஜாமீன் என்று இன்னொரு 96,000 ரூபாய் கொடுத்தது. இரண்டாம் அலையில் கடையைத் திறக்கவே முடியவில்லை. பிறகு பாதி மாதம் கட்டினேன், பாதி மாதம் விட்டேன். இப்போது மொத்தம் 1,40,000 பாக்கி என்கிறார்கள். கொரோனாக் கடனை அரசு தள்ளுபடி செய்துவிட்டது, 8,000 ரூபாய் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: முதலில் அந்த 8,000 ரூபாயைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. சிறுதொழில் செய்கிறவர்களின் அசலைத் தள்ளுபடி செய்யும் கொரோனாத் திட்டம் எதுவும் மத்திய அரசிடம் இருந்ததில்லை. இல்லாத ஒன்றை அவர் எப்படி வாங்கித் தருவார்? ஆதார் எண்ணையோ ஓ.டி.பி.யையோ ஏற்கெனவே கொடுத்திருந்தால், இன்றே வங்கிக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள்.

ஆனால் நீங்கள் குழம்பியதில் தப்பில்லை. அந்த நாட்களில் ‘சலுகை’, ‘நிவாரணம்’ என்று காதில் விழுந்ததில் பெரும்பகுதி உண்மையில் கடன்தான், அல்லது தள்ளிப்போட்ட கடன். கையில் காசாக வந்தது கொஞ்சம். அரிசி அட்டைக்கு 2020-ல் 1,000 ரூபாயும், 2021-ல் இரண்டு தவணையாக 4,000 ரூபாயும் ரேஷன் கடையில் வாங்கியிருப்பீர்களே, அது நிவாரணம். வங்கியில் நடந்தது வேறு.

ஆறு மாத ஒத்திவைப்பையே எடுத்துக்கொள்வோம். 2020 மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை தவணையை நிறுத்தி வைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. தவணை நின்றது, வட்டி நிற்கவில்லை. கணக்குக்கு வசதியாக 5 லட்சம் நிலுவை, 12 சதவீத வட்டி என்று வையுங்கள். ஆறு மாத வட்டி 30,000 ரூபாய். அதை அசலோடு சேர்த்துவிட்டு, அதே இ.எம்.ஐ.யைத் தொடர்ந்தால், 60 தவணையில் முடிய வேண்டிய கடன் சுமார் 65 தவணைக்கு இழுக்கும். ‘ஆறு மாதம்தானே விட்டேன், பாக்கி ஏன் இவ்வளவு?’ என்று கேட்கிற எல்லோருக்கும் நான் போட்டுக் காட்டுகிற கணக்கு இது.

‘வட்டி தள்ளுபடி’ என்று பேப்பரில் வந்ததே என்பீர்கள். வந்தது, ஆனால் அது வட்டிக்கு வட்டி. 2 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு, கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை மத்திய அரசு ஏற்றது. 2021 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம் வட்டிக்கு வட்டி யாருக்கும் கூடாது என்றது. முழு வட்டியையும் தள்ளுபடி செய்யக் கேட்டதற்கு மறுத்துவிட்டது. நம் 5 லட்சக் கணக்கில் அந்த வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? 760 ரூபாய். இத்தனை வழக்கு, இத்தனை தலைப்புச் செய்தி, கடைசியில் இரண்டு ஜாக்கெட்டின் தையல் கூலி. உங்கள் 2020 நவம்பர் பாஸ்புக்கில் அந்தச் சின்னத் தொகை வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்பது உங்கள் உரிமை, பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

அடுத்தது அந்த 96,000. அது 2020 மே மாதம் அறிவித்த அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம். 2020 பிப்ரவரி 29 அன்று இருந்த நிலுவையில் 20 சதவீதம் வரை, புதிதாக அடமானம் கேட்காமல் கொடுத்தார்கள். உங்கள் நிலுவை 4,80,000 இருந்திருக்கும், அதனால்தான் 96,000. ஏற்கெனவே கடன் இருந்தவருக்குத்தான் இந்தக் கதவு திறந்தது. கடனே வாங்காமல் கைக்காசில் தொழில் செய்தவர் வெளியே நின்றார். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றெரிச்சல்தான். ‘அரசு ஜாமீன்’ என்றால் நீங்கள் கட்டாவிட்டால் அரசு வங்கிக்குக் கொடுக்கும் என்று அர்த்தம். உங்கள் கடன் தீர்ந்தது என்று அர்த்தமில்லை. ஜாமீன் தொகையை வாங்கிய பிறகும் வங்கி உங்களிடம் வசூலிக்கத்தான் செய்யும். இந்தத் திட்டமே 2023 மார்ச் 31-உடன் மூடப்பட்டுவிட்டது.

சரி, இப்போது என்ன செய்வது? இரண்டு கடனுக்கும் தனித்தனியாகக் கணக்கு விவரம் கேட்டு வாங்குங்கள். அதில் அசல், வட்டி, அபராதம் மூன்றும் பிரிந்து தெரிய வேண்டும். 1,40,000-ல் அபராதம் கணிசமாக இருந்தால் அதைக் குறைக்கச் சொல்லி மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு உதவாது. சமரசமாகப் பேசி முடிக்கும் லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றம்) அனுப்பச் சொல்லியும் கேட்கலாம், அங்கே நீதிமன்றக் கட்டணம் கிடையாது. ஒரே தொகையாகக் குறைத்து முடிக்கிற வாய்ப்பு வந்தால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ (குறைத்துக் கட்டி முடித்தது) என்று விழுந்தால், அடுத்த கடன் கேட்கும்போது மேலாளரின் முகம் மாறும். முடிந்தால் முழுசாகக் கட்டி ‘குளோஸ்டு’ என்று வாங்குவதே நல்லது. எப்படி முடித்தாலும் ‘நோ டியூஸ்’ (பாக்கி எதுவும் இல்லை) சான்றிதழ் இல்லாமல் வங்கியை விட்டு வெளியே வராதீர்கள்.

அதே சிபில் அறிக்கையில், அந்த ஆறு மாத ஒத்திவைப்பைத் தவறிய தவணையாகக் காட்டியிருக்கிறார்களா என்பதையும் பார்த்துவிடுங்கள். காட்டக் கூடாது. சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். தப்பு இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளில் சரிசெய்யாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வங்கியிடம் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் அதிகாரி) போகலாம். செலவில்லை. விவரம் கேட்க 14448.

பழைய கணக்கை ஒழுங்குபடுத்திய பிறகுதான் புதுக்கடன் பேச்சு. சிறுதொழிலுக்கான, அடமானமில்லாத முத்ராக் கடனில் 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை ‘கிஷோர்’ பிரிவு உங்களுக்குப் பொருந்தும். 35 வயது தாண்டியிருந்தால், மாநில அரசு 2025-ல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தையும் விசாரியுங்கள். தையல் வேலையும் அதில் உண்டு. கடனில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் உள்ள தொழில் வணிகத் துறை அலுவலகத்தில் கேட்கலாம். அங்கே போகுமுன் உத்யம் பதிவை (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) முடித்துவிடுங்கள். அதற்குக் கட்டணமே கிடையாது. ‘உத்யம் பண்ணித் தருகிறேன், 2,000 ரூபாய்’ என்று யாராவது வந்தால், முன்பு சொன்ன ஆளின் தம்பி என்று நினைத்துக்கொள்ளுங்கள். தையல் தொழிலாளர் நல வாரியத்திலும் பதிந்துவிடுங்கள். 2020 ஊரடங்கில் அமைப்புசாராத் தொழிலாளர் வாரியங்களில் பெயர் இருந்தவர்களுக்குத்தான் தனியாக 1,000 ரூபாய் வந்தது. பக்கத்திலேயே அதே வேலை செய்தும் பதியாதவருக்கு வரவில்லை.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில், நாத்தனார் தள்ளுவண்டியில் சாயங்கால டிபன் விற்கிறார், அவருக்கு ஏதாவது உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். உண்டு. தெரு வியாபாரிகளுக்கான ஸ்வநிதி கடன். 2020 ஜூனில் கொரோனாவுக்காகத் தொடங்கி, இன்னும் உயிரோடு இருக்கிற திட்டம். 2030 மார்ச் வரை நீட்டித்திருக்கிறார்கள். முதல் கடன் 15,000, ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 25,000, அப்புறம் 50,000. ஒழுங்காகக் கட்டுகிறவருக்கு 7 சதவீத வட்டி மானியம். மாநகராட்சியின் தெரு வியாபாரி அடையாள அட்டை வேண்டும். இல்லையென்றால் பரிந்துரைக் கடிதத்துக்கு அவர் வண்டி நிறுத்தும் இடம் எந்த மண்டலத்தில் வருகிறதோ, அந்த மண்டல அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். வண்டியோடு நிற்கிற ஒரு போட்டோவையும் கையில் எடுத்துப் போகட்டும்.