ஈரச் சுவருக்குப் பனல் அடிக்கக் கடன் எடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் ஒட்டுசுட்டானில் இருக்கிறோம். 2013இல் இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. ஹோல் சுவர் ஒவ்வொரு மாரிக்கும் முழங்கால் உயரத்துக்கு ஊறி, பெயின்ற் பொருக்குப் பொருக்காகக் கழன்று விழுகிறது. ஆவணியில் மகளுக்குச் சாமத்தியவீடு. கனடாவிலிருந்து அண்ணா குடும்பமும் வருகிறார்கள். ஹோலுக்கும் அறையின் ஒரு சுவருக்கும் பி.வி.சி. பனல் அடிக்க, லைற் வேலையோடு 340 சதுர அடிக்கு 3,20,000 ரூபா என்று கடையில் விலை தந்தார்கள். 20,000 ரூபா கட்டுக்காசு கொடுத்துவிட்டேன். மிச்சம் 3 லட்சத்துக்கு ஒரு நிதி நிறுவனம் 15 வீத வட்டியில் 24 மாதக் கடன் தரச் சம்மதிக்கிறது. இல்லாவிட்டால் தாலிக்கொடியை அடகு வைக்கலாம். மகளின் படிப்புக்கென்று வங்கியில் போட்ட 4 லட்சம் நிலையான வைப்பை உடைக்கவும் செய்யலாம். நான் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்கிறேன், கைக்கு மாதம் 42,000 வருகிறது. கணவருக்கு 3 ஏக்கர் வயலும் லாண்ட்மாஸ்ரர் கூலியும். ஆடியில் எனக்கு 1 லட்சம் ரூபா சீட்டு விழும். மூன்று வழியில் எது நல்லது?

பதில்: தங்கச்சி, மூன்றுமே வேண்டாம். காரணத்தைச் சொல்ல முன்னம் ஒன்று. உங்கள் ஆசையில் ஒரு பிழையும் இல்லை. தறப்பாளுக்குக் கீழேயும் தகரக் கொட்டிலுக்குள்ளேயும் பிள்ளையை வளர்த்த ஊர் இது. அந்தப் பிள்ளையின் நன்மைநாளுக்கு ஹோல் சுவர் வடிவாக இருக்கவேண்டும் என்று ஒரு தாய் நினைப்பதை வீண்செலவு என்று நான் எழுதமாட்டேன். ஆவணிக்கு முன் உங்கள் ஹோலில் வடிவான பனல் சுவர் ஒன்று இருக்கத்தான் போகிறது. கடன் இல்லாமல் அதை எப்படிச் செய்வது என்பதுதான் கேள்வி.

முதலில் சுவரைப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் காசு கரையப் போவது அங்கேதான். முழங்கால் உயரத்துக்கு மட்டும் பெயின்ற் கழன்று, இடைக்கிடை வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், அது நிலத்திலிருந்து மேலேறும் ஈரம். உங்கள் வீட்டுத்திட்டத்தில் 5,50,000 ரூபா மானியம் கட்டம் கட்டமாக வந்தது. அடுத்த கட்டக் காசை எடுக்க வேலையை ஓடி ஓடி முடித்த காலம். அந்த அவசரத்தில் அத்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையே ஈரத்தடுப்புப் படை ஒழுங்காகப் போடாமல் எழும்பிய வீடுகள் வன்னியில் நிறைய. வெளியே மண் உயர்ந்து உள் நிலத்தின் மட்டத்துக்கு வந்திருக்கலாம். கூரைத் தண்ணீர் பீலி இல்லாமல் சுவரடியிலேயே விழுந்து தெறிக்கலாம். அந்தச் சுவரின் மறுபக்கம் குளியலறை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இந்தச் சுவருக்கு மேல் பனல் அடித்தால் ஈரம் போகாது, வெளியேற வழியில்லாமல் பின்னால் நிற்கும். ஆறாத புண்ணை இறுக்கி மூடிக் கட்டுவது போலத்தான். பி.வி.சி. தண்ணீரில் ஊறாது என்று கடைக்காரர் சொல்வது உண்மை. ஆனால் பனலைத் தாங்க அவர் அடிக்கப் போவது மரச் சிலாகை. ஈரச் சுவரும் இருட்டும் மரமும் ஒன்றுசேர்ந்தால் நம்முடைய மண்ணில் என்ன வரும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கறையான் உள்ளே ஏறி முடிக்கும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. சிலர் பனலுக்குப் பதிலாக எம்.டி.எஃப். என்ற, மரத்தூளை அழுத்திச் செய்த பலகை அடிக்கச் சொல்வார்கள். அது ஈரத்தில் ஊதி உப்பிவிடும், உங்கள் வீட்டுக்கு அறவே ஆகாது. ஆவணியில் அடித்தால் ஐப்பசியில் மாரி தொடங்கிவிடும். கடனில் இன்னும் இருபதுக்கும் மேற்பட்ட தவணை மிச்சம் இருக்க, அறையில் பூஞ்சண மணம் வரும்.

சந்தேகம் இருந்தால் காசில்லாத ஒரு சோதனை இருக்கிறது. ஒரு முழம் அளவு பொலித்தீனைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் காற்றுப் புகாமல் ரேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப் பக்கம் நீர் துளிர்த்திருந்தால் ஈரம் உள்ளிருந்து வருகிறது. வெயில் காலத்திலேயே துளிர்த்தால் மாரியில் நிலைமை எப்படியென்று நீங்களே ஊகிக்கலாம்.

இப்போது கடனுக்கு வருவோம். 15 வீதம் என்று சொன்னார்களே, அது எதன்மேல் 15 வீதம் என்று கேட்டீர்களா? 3 லட்சத்துக்கு வருடம் 45,000, இரண்டு வருடத்துக்கு 90,000 வட்டி. மொத்தம் 3,90,000. அதை 24ஆல் பிரித்தால் மாதம் 16,250. உங்கள் தவணைச் சீட்டில் இந்தத் தொகை இருந்தால், வட்டியை முழு 3 லட்சத்துக்கும் கடைசி மாதம்வரை எடுக்கிறார்கள் என்று அர்த்தம். நீங்களோ மாதாமாதம் முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறீர்கள். பன்னிரண்டாம் மாதம் உங்கள் கையில் இருப்பது அந்தக் கடனில் ஏறத்தாழப் பாதிதான், வட்டி மட்டும் முழுதுக்கும். மாதாமாதம் குறைந்து செல்லும் மிச்சக் கடனுக்கு மட்டும் வட்டி என்று கணக்குப் பார்த்தால் இது வருடத்துக்கு 26 வீதத்துக்கும் மேலே. ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று முன்னுக்கே கழித்தால் அதற்கும் கூட. நுண்கடனால் வடக்கில் பெண்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். 2018 கடைசியில் மத்திய வங்கி நுண்கடன் வட்டிக்கு 35 வீதம் என்று உச்சவரம்பு வைக்கும் அளவுக்கு அது போனது. அதனால் எந்த நிறுவனம் என்றாலும் «வட்டி எத்தனை வீதம்» என்ற கேள்வியோடு நிற்காமல், «கையில் எவ்வளவு தருவீர்கள், மொத்தமாக எவ்வளவு கட்டவேண்டும்» என்று எழுத்தில் கேளுங்கள்.

16,250 என்பது உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 39 ரூபா போல. தவணை தொடங்கும் நேரத்தையும் பாருங்கள். புரட்டாதி, ஐப்பசியில் காலபோகத்துக்கு உழவு, விதைநெல், உரம் என்று வயல் காசு கேட்கும். அரிவு வெட்டிக் காசு கைக்கு வர மாசி, பங்குனி ஆகும். இடையில் வெள்ளம் வந்தால்? 2018 மார்கழியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்த வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. வயல் அழிந்தாலும் தவணை நிற்காது. பனல் ஒரு சதமும் உழைத்துத் தராது. லாண்ட்மாஸ்ரருக்கு எடுத்த கடன் என்றால் நான் வேறு மாதிரிப் பேசியிருப்பேன்.

வீட்டின் பெறுமதி கூடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். வன்னியில் பெரும்பாலான காணிகள் உறுதிக் காணி அல்ல, அனுமதிப்பத்திரக் காணி. பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் அவற்றைக் கைமாற்ற முடியாது. உங்களுடையதும் அப்படியென்றால், விற்கிற எண்ணமும் இல்லாத வீட்டில் அடித்த பனலை எந்த வங்கியும் பெறுமதியாக எடுக்காது. வீட்டு அலங்காரத்துக்குக் கொழும்புக்காரர் சொல்லும் முதலீட்டுக் கணக்கு இங்கே பொருந்தாது. நீங்கள் பார்த்து மகிழ்வதற்காகத்தான் அடிக்கிறீர்கள். அது நல்ல காரணம், ஆனால் கைக்காசில் செய்யவேண்டிய காரணம்.

தாலிக்கொடி அடகைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நிறுவனக் கடனைவிட வட்டி பொதுவாகக் குறைவு என்பது உண்மை. ஆனால் தவணை தவறினால் நகை ஏலத்துக்குப் போகும். சபையில் மகளுக்குப் பக்கத்தில் தாய் தாலிக்கொடி இல்லாமல் நிற்பதா? சுவர் வடிவாக இருந்து என்ன பயன்.

நிலையான வைப்பைத் தொடவேண்டாம். முதிர்வுக்கு முன் உடைத்தால் பேசிய வட்டி கிடைக்காது. ஏதாவது அவசரம் வந்தால்கூட உடைக்காமல், அதே வங்கியில் வைப்பின்மேல் கடன் எடுக்கலாம். வைப்பு வட்டியைவிடச் சில வீதம்தான் கூடும், நீங்கள் எழுதிய மூன்று வழியையும்விட அதுதான் மலிவு. இது ஆஸ்பத்திரிச் செலவு போன்றவற்றுக்காகச் சொல்கிறேன், பனலுக்காக அல்ல. இன்னொன்றும் கவனியுங்கள். 2025 சித்திரையிலிருந்து வைப்பு வட்டியில் 10 வீதத்தை வங்கி வரியாகக் கழிக்கிறது. வருட வருமானம் 18 லட்சத்துக்குக் குறைந்தவர்கள் சுய பிரகடனப் படிவம் கொடுத்தால் அதைக் கழிக்கமாட்டார்கள். வரி அடையாள இலக்கம் கேட்பார்கள், எடுத்து வையுங்கள். வட்டி 8 வீதம் என்று வைத்தால் 4 லட்சத்துக்கு வருடம் 32,000, அதில் 3,200 ரூபா உங்கள் மகளுக்கே மிஞ்சும்.

சரி, செய்யவேண்டியது இதுதான். ஹோலில் ஈரம் ஏறாத உள்சுவர் ஒன்று கட்டாயம் இருக்கும், பெரும்பாலும் அறையைப் பிரிக்கும் சுவர். அதிலும் பொலித்தீனை ஒட்டிப் பாருங்கள். நீர் துளிர்க்காவிட்டால் அந்த ஒரு சுவருக்கு மட்டும் பனல் அடியுங்கள். வாசலால் வருபவர் கண் முதலில் போகும் சுவராக அது இருந்தால் மிக நல்லது, மகளை இருத்திப் படம் எடுப்பதும் அதற்கு முன்னால்தான். 11 அடி நீளம், 9 அடி உயரம் என்றால் 99 சதுர அடி. உங்களுக்குத் தந்த விலை சதுர அடிக்கு ஏறத்தாழ 940 ரூபா, ஆக 93,000 போல வரும். அந்த 940க்குள் லைற் வேலையும் இருக்கிறது. பனல், சிலாகை, வயரிங், கூலி என்று பிரித்து விலைச்சீட்டு கேளுங்கள். கூரைக்குள் ஒளிக்கும் லைற்றை விட்டாலே தொகை இறங்கும். 18 வீத வற் வரி என்று சேர்த்திருந்தால் கடையின் வற் பதிவு இலக்கம் சீட்டில் இருக்கவேண்டும், பதியாத கடை வற் அறவிட முடியாது. சிலாகைக்குக் கறையான் மருந்து பூசிய பிறகே அடிக்கவேண்டும் என்றும் எழுதி வாங்குங்கள். அடுப்படிப் பக்கம் பி.வி.சி. வேண்டாம். சூட்டில் இளகும், எரிந்தால் அதன் புகை நஞ்சு.

ஈரச் சுவரை இப்போதே தொடங்குங்கள். வைகாசி, ஆனி, ஆடி என்று சோளகம் வீசும் மாதங்கள், சுவர் காய இதைவிட நல்ல காலம் கிடைக்காது. ஈரத்தடம் உள்ள உயரத்துக்கு மேலே ஒரு அடி சேர்த்துப் பழைய பூச்சைக் கொத்தி எடுங்கள். இதற்கு மேசன் தேவையில்லை, உங்கள் கணவரே செய்யலாம். வெளியே சுவரடி மண்ணை வெட்டித் தாழ்த்தி, கூரைக்குப் பீலி போடுங்கள். ஆனி முடியும்வரை சுவரை வெறுமனே காயவிட்டு, பிறகு நீர்த்தடுப்பு மருந்து கலந்த சாந்தால் மேசனைக்கொண்டு பூசுங்கள். மணல் உப்பில்லாத ஆற்று மணலாக இருக்கவேண்டும். நாலு கிழமை கழித்துப் பெயின்ற் அடித்தால் ஆவணி வந்துவிடும். ஈரம் முழுதாக நிற்குமா என்பதை வரும் மாரிதான் காட்டும். நின்றால் அடுத்த அரிவு வெட்டுக் காசில் அந்தச் சுவருக்கும் பனல் அடிக்கலாம்.

காசுக் கணக்கு: சீட்டு 1,00,000, கட்டுக்காசு 20,000, மொத்தம் 1,20,000. பனல் 93,000 போக 27,000 மிச்சம், அது பீலிக்கும் பூச்சுக்கும் மேசன் கூலிக்கும். போதாமல் வந்தால் பனலின் அகலத்தைக் குறையுங்கள், பூச்சு வேலையைக் குறைக்கவேண்டாம். சீட்டை எடுத்த பிறகும் மாதாமாதம் கட்டவேண்டும் என்பதால் வேறு எதையும் தவணைக்கு எடுக்காதீர்கள். ஆடிச் சீட்டு பிந்தினால் வேலையைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம், ஒரு சுவருக்குப் பனல் அடிப்பது இரண்டு மூன்று நாள் வேலைதான்.

கடைக்காரரிடம் இந்தக் கிழமையே போங்கள், பனல் வெட்ட முன்னம். அளவு குறைகிறது, கட்டுக்காசை அந்த ஒரு சுவருக்குக் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் புதுப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அண்ணாவையும் கூட்டிப் பேசலாம் என்று நினைத்தால் பேசுங்கள், ஆனால் அவர் காசு அனுப்பினாலும் ஈரச் சுவருக்கு இந்த வருடம் பனல் வேண்டாம்.