பிட்காயின் நெறிமுறை மாற்றத்தை மைனர்கள் மட்டுமே முடிவு செய்கிறார்களா?

இல்லை. மாற்றத்தை விரும்பும் எவரும் அதன் நுட்ப விவரங்களை ‘பி.ஐ.பி.’ (பிட்காயின் மேம்பாட்டு முன்மொழிவு) எனப்படும் ஆவணமாக எழுதலாம். அந்த முன்மொழிவுக்கு ஓர் அடையாள எண் கிடைத்துவிட்டதாலேயே அது ஏற்கப்பட்டதாகாது. பரிவர்த்தனைகளைத் தொகுத்துப் புதிய பிளாக்குகளை உருவாக்கும் மைனர்கள், அந்தப் பிளாக்குகளில் இடும் ஆதரவுக் குறியையும் வாக்காகக் கொள்ளாமல், தயார்நிலை அறிவிப்பாகக் கொள்வதே சரி என்பேன். ஏனெனில் விதிகளைச் சரிபார்ப்பவை நோடுகள், அதாவது பயனர்கள் பிட்காயின் மென்பொருளை இயக்கும் கணினிகள்; அவை ஏற்காத பிளாக் செல்லாது.

பரிவர்த்தனையின் கையொப்பத் தரவைத் தனியே பிரித்து வைக்கும் ‘செக்விட்’ மாற்றத்தின் (பி.ஐ.பி. 141) விவகாரத்தில் இது வெளிப்படையாகவே தெரிந்தது. ஏறத்தாழ இரண்டு வாரங்களில் உருவாகும் 2016 பிளாக்குகளில் 95 சதவீதம் குறியைத் தாங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு 2016 நவம்பரில் தொடங்கிய கணக்கெடுப்பு, மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனது. குறியில்லாத பிளாக்குகளை 2017 ஆகஸ்ட் 1 முதல் தங்கள் நோடுகள் நிராகரிக்கும் என்று பயனர்களில் ஒரு பகுதியினர் பி.ஐ.பி. 148 வழியே நெருக்கடி கொடுத்த பின்னர், பி.ஐ.பி. 91 என்ற இடைவழியை ஏற்று மைனர்கள் இறங்கி வந்தனர். ஆகஸ்ட் 24 அன்று செக்விட் நடைமுறைக்கு வந்தது.