தலைகீழாக ஓடும் ரயில்

கேள்வி: மார்க் ஷகாலின் ‘ஜன்னல் வழியே பாரிஸ்’ ஓவியத்தின் அச்சுப்படியைக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். மனித முகம் கொண்ட பூனை, தலைகீழான ரயில், இரண்டு முகமுள்ள ஆள் என ஒவ்வொன்றுக்கும் பொருள் கேட்கிறாள் பேத்தி. என்ன சொல்வது?
– ஒரு வாசகர், திருநகர், மதுரை.

பதில்: கனவுக்குப் பலன் சொல்வதுபோலப் பூனைக்கு ஒரு பொருள், ரயிலுக்கு ஒரு பொருள் என்று பிரித்துக் கொடுத்துவிடாதீர்கள், ஷகாலுக்கே அப்படிப்பட்ட விளக்கங்கள் பிடித்ததில்லை. இன்றைய பெலாரஸில் இருக்கும் வீத்தெப்ஸ்க்கில் 1887இல் பிறந்த அவர், 1910இல் பாரிஸுக்கு வந்து, 1913இல் இதை வரைந்தார். ஊரில் விட்டுவந்த காதலி பெல்லாவை அவர் மணந்தது 1915இல்தான். அந்த இடைவெளியை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், ஒரே கழுத்தில் இரு திசை நோக்கும் அந்த மனிதனுக்குத் தனியாக உரை எழுத வேண்டியிருக்காது.

வண்ணங்களின் சங்கதி வேறு. ஐஃபிள் கோபுரத்தை விடாமல் வரைந்துகொண்டிருந்த ரொபேர் தெலோனேயின் பாதிப்பில், ஷகால் வானத்தைப் பட்டை பட்டையாக உடைத்திருக்கிறார். ஜன்னல் சட்டம்கூட ஒரே நிறத்தில் இல்லை. கோபுரத்தின் அருகே ஓர் இணை காற்றில் படுத்தவாக்கில் மிதக்கிறது, அவர்களைவிட ரயில் சிறிதாக இருக்கிறது. இது நமக்கு அப்படியொன்றும் அந்நியமல்ல. அழகர்கோவில் வசந்த மண்டபத்து விதானத்தில் ராமாயணம் பார்த்தவர்கள், ஒரே ராமன் அடுத்தடுத்துப் பல தடவை நிற்பதைப் பார்த்து எந்த ராமன் நிஜம் என்று கேட்டதில்லை. (அங்கே கதை முன்பே தெரியும், இங்கே தெரியாது, சிரமம் அவ்வளவுதான்.)

பேத்தியிடம் சித்திரைத் திருவிழாவை நினைவிலிருந்து வரையச் சொல்லிப் பாருங்கள். தேரோட்டமும் அழகர் ஆற்றில் இறங்குவதும் வெவ்வேறு நாள் என்பதெல்லாம் தாளில் நிற்காது. குதிரை வாகனத்தின் பக்கத்திலேயே தேர் வரும், தெற்குக் கோபுரத்தைவிட ஜிகர்தண்டா டம்ளர் பெரிதாக இருக்கும். ஷகாலும் அப்படித்தான் ஊரின் அளவை விட்டுவிட்டு, தமக்கு அது பட்ட அளவை எடுத்துக்கொண்டார்.

பிறகு படத்தின் அருகே அவளை அழைத்துப்போய், வலது கீழ் மூலையில் அந்த இருமுக மனிதன் நீட்டியிருக்கும் உள்ளங்கையைக் காட்டுங்கள். அதில் ஓர் இதயம் வரைந்திருக்கிறது. தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது அதைத்தான்.